சாதா நெசவு: பின்னால் வந்த ஒரு பெயரும் முன்னால் இருந்த ஒரு மரபும்

நெசவியல் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் தொடங்குகின்றன: சாதா நெசவு, டுவில், சாட்டின். உலகில் தறியில் நெய்யப்படும் துணிகளில் பெரும்பாலானவை இம்மூன்றில் ஒன்றாகவோ, இவற்றின் கிளையாகவோ இருக்கும். வகுப்பறையில் இது பத்து நிமிடப் பாடம். ஆனால் மொழியியல் படித்த ஒருவருக்கு இந்தப் பட்டியலின் முதற்சொல்லே ஒரு வரலாற்றுக் கேள்வியை எழுப்புகிறது. டுவில், சாட்டின் ஆகியவை கடன்சொற்கள் என்பதில் வியப்பில்லை. ‘சாதா’வும் கடன்சொல்தான், பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது. ஈராயிரம் ஆண்டுகளாகத் துணி நெய்து கடல் கடந்து விற்ற ஒரு நிலப்பகுதி, தான் நெய்த துணியின் அடிப்படைக் கட்டமைப்புக்குத் தன் மொழியில் பெயர் வைக்காமல் போனது ஏன்?

இது மொழியின் வறுமை அன்று, ஒரு வரலாற்றுச் சான்று என்பதே இப்பதிவின் கருத்து. அதைச் சொல்வதற்கு முன், நெசவியல் அறிமுகம் இல்லாத நண்பர்களுக்காக மூன்று கட்டமைப்புகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படுவது பாவு. அதன் குறுக்கே நாடா கொண்டுசெல்லும் நூல் ஊடை. ஒவ்வோர் ஊடை இழையும் ஒவ்வொரு பாவு இழையையும் சந்திக்கும் இடத்தில் இரண்டே வாய்ப்புகள் உள்ளன: மேலே செல்லலாம், அல்லது கீழே செல்லலாம். இந்த மேல்கீழ் வரிசையே துணியின் கட்டமைப்பு.

சாதா நெசவில் ஊடை ஒரு பாவு இழைக்கு மேலும் அடுத்ததற்குக் கீழுமாகச் செல்கிறது. அடுத்த ஊடையில் இது தலைகீழாகிறது. இரண்டு பாவும் இரண்டு ஊடையும் சேர்ந்தால் வடிவம் முழுமை பெற்றுவிடும். இழைகள் ஒன்றையொன்று பிணைக்கும் புள்ளிகள் இதில்தான் மிக அதிகம். அதனால் துணி உறுதியாக நிற்கும், இருபுறமும் ஒன்றுபோல் இருக்கும், இழைகள் இடம்பெயரா. ஆனால் கிழித்தால் நேர்கோட்டில் எளிதாகக் கிழியும். இடம்பெயர முடியாத இழைகள் ஒன்றுசேர்ந்து எதிர்க்க இயலாமல் ஒவ்வொன்றாக அறுந்துவிடுவதே காரணம். மல், லாங்கிளாத் போன்றவற்றைத் துணிக்கடைக்காரர் ஓரத்தில் சிறிது வெட்டிவிட்டுக் கையாலேயே கிழித்துத் தருவார். ஜீன்ஸ் துணியை அப்படிக் கிழிப்பதில்லை, கத்தரிக்கோல்தான். இந்தக் கடைப்பழக்கம் இருவேறு நெசவுக் கட்டமைப்புகளின் மீது நடக்கும் அன்றாடச் சோதனை.

டுவிலுக்குக் குறைந்தது மூன்று பாவு இழைகள் வேண்டும். ஊடை இரண்டைத் தாண்டி ஒன்றின்கீழ் நுழைகிறது, அல்லது ஒன்றைத் தாண்டி இரண்டின்கீழ் நுழைகிறது. ஒவ்வொரு வரிசையிலும் பிணைப்புப் புள்ளி ஓர் இழை நகர்வதால் துணியில் சாய்கோடுகள் தோன்றுகின்றன. பிணைப்புகள் குறைவு என்பதால் அதே அகலத்தில் அதிக நூலை நெருக்கி வைக்கலாம். துணி கனமாகும், கிழிசலைத் தாங்கும், அழுக்கை எளிதில் காட்டாது, மடிப்பில் மென்மையாக விழும். காக்கி டிரில், டெனிம் ஆகியவை இவ்வகை.

சாட்டினில் பிணைப்புப் புள்ளிகள் ஒன்றையொன்று தொடாமல் சிதறிக் கிடக்க வேண்டும். அதற்குக் குறைந்தது ஐந்து இழைகள் தேவை. புள்ளி ஒவ்வொரு வரிசையிலும் நகரும் எண், மொத்த இழை எண்ணிக்கையோடு பொது வகுஎண் இல்லாததாக இருக்க வேண்டும். ஒன்றாகவோ, மொத்தத்தைவிட ஒன்று குறைந்ததாகவோ இருந்தால் அது மறுபடியும் டுவில் ஆகிவிடும். அதனால் ஐந்திலும் எட்டிலும் ஒழுங்கான சாட்டின் அமையும்; நான்கிலும் ஆறிலும் அமையாது. நீண்ட இழைகள் பிணைப்பின்றி மேற்பரப்பில் மிதப்பதால் ஒளி சிதறாமல் திரும்புகிறது. அதுவே சாட்டினின் பளபளப்பு. அதே மிதப்பினால்தான் நகம் பட்டாலும் இழை இழுபட்டுவிடுகிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம். தென்னிந்தியத் துணி பற்றிய சான்றுகள் மீண்டும் மீண்டும் காட்டுவது சாதா நெசவையே. எகிப்தின் செங்கடல் கரையிலுள்ள பெரெனிகே துறைமுக அகழாய்வில் பருத்தித் துணித் துண்டுகள் கிடைத்தன. எகிப்திய நூற்பு மரபில் நூல் ஒரு திசையில் முறுக்கப்படும்; இந்தியப் பருத்தி நூல் அதற்கு எதிர்த்திசையில் முறுக்கப்படும். இந்த முறுக்குத் திசையை ஒரு முக்கியச் சான்றாகக் கொண்டு அத்துண்டுகளில் பலவற்றை இந்தியாவிலிருந்து வந்தவை என ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர். தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடும் அதே பெரெனிகேயில் கிடைத்திருக்கிறது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரியக் கடல் பெரிப்ளுஸ்’ அர்கரு என்னும் இடத்தின் மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது; அர்கருவை உறையூராகக் கொள்வது வழக்கம்.

கடல்வணிகம் உச்சம் பெற்ற 17, 18-ஆம் நூற்றாண்டுகளிலும் இதே நிலைதான். சோழமண்டலக் கரையின் லாங்கிளாத், வண்ணம் தீட்டுவதற்கான வெள்ளைத்துணி, கட்டம் போட்ட மதராஸ் கைக்குட்டைத் துணி ஆகிய அனைத்தும் அடிப்படையில் சாதா நெசவே. கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்களில் துணியின் தரத்தை அளக்கப் பயன்பட்ட அலகு புஞ்சம். ஒரு புஞ்சம் என்பது 120 பாவு இழைகள். அகலம் ஒன்றே, அதனுள் எத்தனை புஞ்சம் அடங்குகிறது என்பதே விலையையும் தரத்தையும் தீர்மானித்தது. இழைகள் எப்படிப் பிணைகின்றன என்பதை அந்த அலகு பதிவு செய்யவில்லை. அது எல்லாத் துணிக்கும் பொதுவானதால் பதிவு செய்யத் தேவையும் எழவில்லை.

இலக்கியச் சான்றும் இதற்கு ஒத்துச் செல்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதைக்கு உரை வரைந்த அடியார்க்கு நல்லார், முப்பதுக்கும் மேற்பட்ட துகில் வகைகளின் பெயர்களைத் தருகிறார். பொருள் தெளிவாக விளங்கும் பெயர்களைப் பாருங்கள். கோசிகம் என்பது பட்டு: இழையின் வகை. பீதகம் என்பது மஞ்சள்: நிறம். நுண்டுகில்: நூலின் நுண்மை. இரட்டு: இரட்டித்த நூல். இழை, நிறம், நுண்மை, புரி ஆகியவற்றால் பெயர்கள் அமைந்திருக்கின்றன. பிணைப்பு முறையால் அமைந்த பெயர் இவற்றில் இல்லை.

மொழியியலில் இதற்கு எளிய விளக்கம் உண்டு. ஒரு மொழி வேறுபடும் கூறுகளுக்கே பெயர் வைக்கிறது; மாறாமல் நிற்பதற்குப் பெயர் தேவைப்படுவதில்லை. சீமைக்கோழியும் பிராய்லரும் வருவதற்கு முன் ‘நாட்டுக்கோழி’ என்று சொல்ல வேண்டிய தேவை எவருக்கும் இருந்திருக்காது. கோழி என்றாலே போதும். அதைப்போல, ‘நெய்தல்’ என்றாலே ஒன்று மேல், ஒன்று கீழ் என்று நெய்வதுதான் என்ற நிலையில், அந்த முறைக்குத் தனிப்பெயர் எதற்கு? பெயர் இல்லாமையே அக்கட்டமைப்பின் முழு ஆதிக்கத்துக்குச் சான்று. ‘சாதா’ என்ற அடைமொழி, வேறு நெசவுகள் அருகில் வந்து நின்ற பிறகு தேவைப்பட்ட பின்வந்த பெயர்.

அப்படியானால் தென்னாட்டு நெசவாளர்களுக்கும் வணிகர்களுக்கும் மற்ற இரண்டும் தெரியாதா? அவ்வாறு கருத இடமில்லை. சாட்டின் என்ற ஐரோப்பியச் சொல்லின் மூலமாகப் பொதுவாகக் காட்டப்படுவது ஜைத்தூன். சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்துக்கு அரபு வணிகர்கள் இட்ட பெயர் அது. அதே சுவான்சௌவில் 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அங்கு ஒரு சிவன் கோயில் இருந்ததை அது சொல்கிறது. சாட்டினுக்குப் பெயர் தந்த ஊரிலேயே தமிழ் வணிகர் கோயில் எழுப்பி வழிபட்டிருக்கின்றனர் என்றால், அவர்கள் அந்தத் துணியைக் கையில் தொடாமல் இருந்திருப்பார்கள் என்று நம்புவது கடினம். இந்தியாவுக்குள்ளேயே குஜராத்தின் பாட்டன் நகரில் மஷ்ரு என்ற சாட்டின் துணி நெய்யப்பட்டது. பட்டுப் பாவு வெளிப்புறமும் பருத்தி ஊடை உடலைத் தொடும் உட்புறமும் அமையுமாறு நெய்ததால், பட்டு மேனியில் படக்கூடாது என்ற சமயக் கட்டுப்பாட்டை மீறாமல் முஸ்லிம்கள் அதை உடுத்த முடிந்தது. ‘மஷ்ரு’ என்பதன் பொருளே ‘அனுமதிக்கப்பட்டது’ என்பதுதான். இருபுறமும் ஒன்றான சாதா நெசவால் இதைச் செய்ய இயலாது.

எனவே சாதா நெசவு தென்னாட்டில் அறியாமையால் நிலைத்தது அன்று. காரணங்களோடு நிலைத்தது எனலாம். வெப்பநிலத்தில் மெல்லிய, காற்றோட்டமுள்ள, அடிக்கடி துவைத்தாலும் குலையாத துணி வேண்டும். இரண்டு மிதிகட்டைகளே கொண்ட குழித்தறிக்கு அது பொருந்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, சோழமண்டலக் கரையின் பெரும்புகழ் சாயத்திலும் வண்ணம் தீட்டுதலிலும் இருந்தது. தூரிகைக்குச் சாய்கோடும் மிதக்கும் இழையும் இல்லாத சமதளம் தேவை.

கட்டமைப்பை மாற்றாமல் நிறுத்திக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்ததே இம்மரபின் தனித்தன்மை. நூலின் பருமனை மாற்றினால் மல். நிற வரிசையை மாற்றினால் லுங்கிக் கட்டம். பாவைக் கலக்கமாக வைத்துத் தடித்த ஊடையை நெருக்கி அடித்துப் பாவை முற்றிலும் மறைத்தால் பவானி ஜமக்காளம். ஊடையாக நூலுக்குப் பதில் ஊறவைத்துக் கிழித்த கோரையை வைத்தால் பத்தமடைப் பாய். உடுத்துவதும் விரிப்பதும் படுப்பதுமான இத்தனை பொருள்களும் அடியில் ஒரே பிணைப்பு. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தின் கலபாரி மக்கள் இந்தப் பிணைப்பின் உறுதியை வேறொரு விதமாகப் பயன்படுத்தினர். மதராஸ் கட்டத்துணியில் குறிப்பிட்ட இழைகளை மட்டும் அறுத்து உருவி எடுத்துப் புதிய வடிவங்களை உண்டாக்கினர். ‘பெலெதே பிதே’ என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர். நெருங்கிப் பிணைந்த துணி என்பதால் சில இழைகள் போன பிறகும் எஞ்சியவை ஒன்றையொன்று பிடித்து நிற்கின்றன.

கட்டமைப்புக்குப் பெயர் இல்லை என்றேன். ஆனால் செயலுக்குச் சொற்கள் நிறைய உண்டு. நான் வசிக்கும் அத்திபெலே கர்நாடக எல்லையூர். ஓசூர்ச் சாலையில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தேநீர்க்கடையில் ஒலிக்கும். தமிழில் பாவு, ஊடை; கன்னடத்தில் ஹாசு, ஹொக்கு. பாவுதல் என்றால் பரவுதல். கன்னட ‘ஹாசு’வும் விரித்தல் என்ற பொருளுடையது. கன்னடத்தில் பழைய பகரம் ஹகரமாக மாறியது என்பதை நினைவில் கொண்டால், பாவு, பாய், ஹாசு ஆகிய மூன்றும் ஒரே வேரின் கிளைகள் என்பது புலப்படும். ஊடை என்பது ஊடே செல்வது. ஹொக்கு என்பது புகுந்தது, தமிழின் ‘புக்கு’. இரண்டாவது சொல்லுக்கு வேர்கள் வேறு; எண்ணம் ஒன்று. ஒன்று விரிந்து கிடக்கிறது, மற்றொன்று அதனுள் நுழைகிறது. ‘ஊடும் பாவுமாக’ என்று தமிழிலும் ‘ஹாசுஹொக்கு’ என்று கன்னடத்திலும் பிணைந்து கலந்ததைக் குறிக்கும் வழக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது. வணிகம் துணிக்கு வைத்த பெயர்களில் பல ஊர்ப்பெயர்கள்: கோழிக்கோட்டிலிருந்து காலிகோ, பிரான்சின் நீம் நகரிலிருந்து டெனிம், சங்க இலக்கியத்திலேயே கலிங்கம். நெசவாளரின் சொற்களோ கைவினையைச் சொல்கின்றன. வணிகப் பெயர் எங்கிருந்து வாங்கினார்கள் என்பதைச் சொல்லும்; எப்படிச் செய்தார்கள் என்பதை நெசவாளரின் சொல்தான் சொல்லும்.

ஆலைகள் வந்தபோது இந்த நிலை மாறியது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையில் தொடங்கிய பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் காக்கி டிரிலுக்குப் பெயர் பெற்றன. படையினர், காவலர் சீருடையாக டுவில் அன்றாடக் காட்சியானது. பழைய முறைக்கு ஓர் அடைமொழி தேவைப்படும் சூழல் அப்போது உருவாகிவிட்டது. இதே காலமாற்றம் மற்றொரு பின்வந்த பெயரையும் ஈன்றது: ‘கைத்தறி’. ஒரு காலத்தில் அது வெறும் தறி. விசைத்தறி வந்த பிறகே அதற்குக் கை முளைத்தது.

பின்வந்த பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. அவை பொருளை அதன் இயல்பால் வரையறுப்பதில்லை. இன்னொன்று அல்லாதது என்று மட்டும் சொல்கின்றன. இது சொல்லாராய்ச்சியோடு நிற்பதன்று. கைத்தறிக்கெனச் சில பொருள்களை ஒதுக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டம், கைத்தறியை ‘விசைத்தறி அல்லாத எந்தத் தறியும்’ என்றே வரையறுக்கிறது. சட்டத்தின் அடிப்படைச் சொல்லே ஒரு மறுப்பில் நிற்கிறது. அச்சட்டத்தின்கீழ் முதலில் 22 வகைப் பொருள்கள் ஒதுக்கப்பட்டன. பின்னர் அவை 11 ஆகச் சுருங்கின. புடவை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் ஆகியவை அதில் அடங்கும். ஒதுக்கீட்டை எதிர்த்த வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது. ஆயினும் கையால் என்ன செய்யப்படுகிறது என்ற கேள்விக்கு அந்த வரையறையில் விடை இல்லை.

விடை துணிக்குள்ளேயே இருக்கிறது. காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையை எடுத்துக்கொள்வோம். உடல் ஒரு நிறம், இரு கரைகளும் வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு ஒவ்வொன்றாக இரண்டு நாடாக்கள், ஆக மூன்று. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் எல்லையில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்புகின்றன. கோப்பதால் கோர்வை, இங்கும் சொல் செயலைச் சொல்கிறது. இதனால் கரையின் நிறம் உடல் நிறத்தோடு கலப்பதில்லை. வழக்கமான விசைத்தறியில் ஊடை ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புவரை ஒரே ஓட்டமாக ஓடும். எனவே கரையில் உடல் நிறமும் கலந்துவிடும். கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டும் விசைநாடா முறைக்கும் கோர்வை ஒத்துவராது. ஆல்ஃபிரெட் சாட்டர்டன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலத்தில் அரசு நெசவுச்சாலை நடத்தி விசைநாடாவைப் பரப்ப முயன்றபோது, வேகம் ஒன்றே அளவுகோலாக இருந்தது. வேகத்தால் அளந்தால் கோர்வை ஒரு குறைபாடாகவே தெரியும்.

பாடநூல் வகைப்பாட்டில் கோர்வைப் புடவையின் உடல் எந்தக் கட்டத்தில் விழும்? சாதா நெசவில்தான். கோர்வைக்கு அந்த மூன்று கட்டங்களிலும் இடமில்லை. அது இழைகளின் மேல்கீழ் வரிசையைப் பற்றியதன்று, ஊடை எங்கே திரும்புகிறது என்பதைப் பற்றியது. நம் மரபின் மிகக் கடினமான வேலை நாம் கற்பிக்கும் வகைப்பாட்டில் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அதைப் பெருமிதமாக மட்டும் பேசுவதும் சரியன்று. கோர்வைக்குத் தறியில் இரண்டாவது ஆள் வேண்டும்; அந்த இடத்தில் நெடுங்காலம் சிறார்கள் அமர்ந்திருந்தனர் என்பதும் காஞ்சிபுர நெசவின் வரலாறே. குழந்தை உழைப்பு ஒழிய வேண்டியது நியாயம். அதன்பின் அந்த இரண்டாம் ஆளின் கூலியைத் துணியின் விலை தாங்க வேண்டும். வாங்குபவர் கோர்வையை அடையாளம் காணாவிட்டால் அந்த விலையைத் தரமாட்டார். அடையாளம் காணச் சொல் வேண்டும், சொல் கற்பிக்கப்பட வேண்டும்.

கர்நாடகப் பட்டுநூல் காஞ்சிபுரத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலை இங்கே அத்திபெலே வழியாகத்தான் போகிறது. இவ்வூர் அடங்கிய ஆனேக்கல் வட்டத்தில் விசைத்தறிகளில் பட்டு நெய்யப்படுகிறது. அந்த நெசவாளர்களும் உழைப்பாளர்களே. அவர்களின் துணி போலியன்று. இருவேறு துணிகளை ஒரே பெயரால் அழைத்து ஒன்றின் விலையில் மற்றொன்றை விற்பதுதான் போலி. வேறுபாட்டைச் சொல்லும் சொற்கள் நம்மிடம் இருந்தால் இரண்டுக்கும் நேர்மையான சந்தை அமையும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அருங்காட்சியகத்திலோ களத்திலோ ஒரு துணியை விவரிக்கும்போது ‘சாதா நெசவு’ என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். நூல் எந்தத் திசையில் முறுக்கப்பட்டது, அங்குலத்துக்குப் பாவு எத்தனை, ஊடை எத்தனை, எது எதை மறைக்கிறது, நிறம் எங்கே மாறுகிறது, கரையில் ஊடை திரும்புகிறதா கடந்து செல்கிறதா என்பனவற்றையும் எழுதுங்கள். அருகில் நெசவாளர் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் அவர் சொல்லும் சொல்லை அவர் ஒலிப்பிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கைக்கோளர், சாலியர், தேவாங்கர், சௌராட்டிரர் எனச் சமூகந்தோறும், ஊர்தோறும் இச்சொற்கள் மாறும். தறி நின்றால் அவையும் நின்றுவிடும்.

உங்கள் ஊரில் விழுது, அச்சு, மிதிகட்டை, நாடா ஆகியவற்றுக்கு வேறு பெயர்கள் வழங்கினால், ஊர்ப்பெயரோடு இங்கே எழுதுங்கள். சொற்பட்டியல் ஒன்றைத் தொகுத்து வருகிறேன். அனுப்புபவர்களின் பெயரோடு அதைப் பொதுவில் வைப்பேன்.